கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்

ஆல்வினே ஸ்டொபெயை நேரில் பார்த்தவர்களுக்கு அவள் முகம் அவ்வளவாக நினைவில் நிற்காது. போனில் பேசியவர்கள் மறக்க மாட்டார்கள். பெர்லின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் வேலை பார்த்த காலத்தில், லைன் கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்த வியாபாரிகள்கூட அவள் “கொஞ்சம் பொறுங்க” என்றதும் தணிந்துபோவார்கள். கொஞ்சம் தடித்த, அடியில் லேசாகக் கரகரக்கும் குரல். யாருக்காகவும் அவசரப்படாத குரல்.

முதல் உலக யுத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய், கண் போன சிப்பாய்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். அங்கேதான் ஏவால்டைப் பார்த்தாள். வெடிகுண்டுச் சிதறலில் இரண்டு கண்ணும் போய், தலையைச் சுற்றிக் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“சண்டைச் செய்தி வேணாங்க. அது எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியும். விளம்பரத்தைப் படிங்க” என்றான்.

“எந்த விளம்பரம்?”

“எதுவா இருந்தா என்ன? மூலத்துக்கு மருந்து போட்டிருப்பானே, அதைப் படிங்க.”

அவள் முகத்தில் சிரிப்பே காட்டாமல் மூல மருந்து விளம்பரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். வார்டே குலுங்கிச் சிரித்தது. ஏவால்ட் மட்டும் சிரிக்கவில்லை. “இந்தக் குரல்ல படிச்சா, இல்லாத மூலமும் ஆறிடும்” என்றான். அடுத்த ஞாயிறு அவள் நேரே அவன் கட்டிலுக்குத்தான் போனாள்.

கல்யாணமானால் எக்ஸ்சேஞ்சில் பெண்களுக்கு வேலை கிடையாது. அது அந்தக் காலத்துச் சட்டம். மோவாபிட் என்ற பேட்டையில் ஒரு பின்கட்டு வீட்டில் குடித்தனம் வைத்தார்கள். ஏவால்ட் மசாஜ் கற்றுக்கொண்டு நகரசபைக் குளியல் மண்டபத்தில் சேர்ந்தான். முதுகைத் தொட்டே ஆளைச் சொல்வான். “இன்னைக்கு ஒரு வக்கீல் முதுகு வந்துச்சு குருவி. உள்ளுக்குள்ள பாதி பயம், பாதி பீர்” என்று வந்து சொல்வான். அவளை அவன் குருவி என்றுதான் கூப்பிட்டான்.

நல்ல மனிதன்தான். அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஆனால் அவனுக்கு எந்நேரமும் அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் நடக்கும்போது எதிரே யார் வருகிறார்கள், என்ன நிறச் சட்டை, வானம் எப்படி இருக்கிறது, கசாப்புக்கடை ஜன்னலில் என்ன தொங்குகிறது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவாள். வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது சொல்வாள், துவைக்கும்போது சொல்வாள். கொஞ்சம் வாயை மூடினால், “எங்க போயிட்ட?” என்பான். இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். “இங்கதான் இருக்கேன்” என்று மறுபடி ஆரம்பிப்பாள். குழந்தை பிறக்கவில்லை. வருடங்கள் இப்படிப் பேசிப் பேசியே போயின.

அப்புறம் அவளுக்கு ஒரு சினிமா ஸ்டுடியோவில் டெலிபோன் போர்டு பார்க்கும் வேலை கிடைத்தது. பேசும்படம் வந்த புதிது. நேற்றுவரை கண்ணை உருட்டியே பேர் வாங்கியவர்கள் எல்லாம் வாயைத் திறக்கப் பயந்து நடுங்கிய காலம்.

அந்த வருடம் ரோஸ்னர் என்ற டைரக்டர் ஒரு பிரெஞ்சு நாடகத்தைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். பாரீஸில் மேடையில் வெகுகாலம் ஓடிய நாடகம். லியோன் நகரத்து நீதிபதி ஒருவர். அவர் மனைவி ஒருநாள் சாயங்காலம் தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். விஷம் குடித்திருக்கிறாள், அது அவருக்குத் தெரியாது. அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பேசுகிறாள். தங்கள் வாழ்க்கை முழுவதையும் பேசுகிறாள். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. பேச்சு நின்றபிறகுதான் கதவை உடைக்கிறார். கடைசி அங்கம் முழுக்க இதுதான்.

மனைவியாக நடித்தவள் இர்மா சாலாய். ஹங்கேரிக்காரி. அவள் முகத்துக்காகவே படம் ஓடும். ஆனால் ஜெர்மன் பேச வாயைத் திறந்தால் லைட் பிடிக்கிறவன்கூடச் சிரித்தான். ரோஸ்னர் தலையைப் பிய்த்துக்கொண்டு தன் அறைக்கு வந்து, ஆத்திரத்தில் போனை எடுத்து, “எனக்கு யாராவது ஒரு பொம்பளையைக் குடுங்க! ஜெர்மன் பேசத் தெரிஞ்ச பொம்பளை!” என்று கத்தினார்.

“கொஞ்சம் பொறுங்க சார். நாடகக் கம்பெனிக்கா, தியேட்டர் ஏஜெண்டுக்கா, எங்கே போடட்டும்?” என்றாள் ஆல்வினே.

எதிர்முனையில் கத்தல் நின்றது. பிறகு ரோஸ்னர் மெதுவாகக் கேட்டார்: “அம்மா, நீங்க எந்த ரூம்ல இருக்கீங்க?”

இப்படித்தான் அது நடந்தது. இர்மா கேமராவுக்கு முன்னால் உதட்டை அசைத்தாள். கேமராவில் படாத இடத்தில் மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஆல்வினே பேசினாள். பேர் எங்கேயும் வராது, வெளியே சொல்லக் கூடாது என்று பேச்சு.

கடைசி அங்கத்துக்கு உதடு அசைக்கவும் ஆள் தேவைப்படவில்லை. கேமரா முழுக்க நீதிபதியின் முகத்தில்தான். ஆல்வினேயை நிஜமாகவே ஒரு கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். முதல் தடவை பேசி முடித்ததும் ரோஸ்னர் உள்ளே வந்தார்.

“நல்லாப் படிக்கிறீங்க. பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு” என்றார். “உங்களுக்கு யாராவது இருப்பாங்க இல்ல? வெளியில அந்த நாற்காலியில அவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு வச்சுக்குங்க. யாருன்னு என்கிட்டச் சொல்ல வேணாம்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். உள்ளே ஒரு ஸ்டூல், மைக், மரவாசனை. வெளியே யாரோ கிளாப் கட்டையை அடித்தார்கள். ஆல்வினே பேச ஆரம்பித்தாள்.

அன்று இடையில் யாரும் நிறுத்தவில்லை. வசனத்தில் ஓரிடம் வரும்: “இத்தனை வருஷத்துல நான் உன்கிட்ட ஒரு பொய்கூடச் சொன்னதில்ல. நீ கேக்கல, அவ்வளவுதான். எனக்குள்ள பேச்சே தீர்ந்துபோச்சு, அதுகூட உனக்குத் தெரியாது.” அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஓய்ந்துபோய்ச் சொன்னாள். நாடகத்தை எழுதின பிரெஞ்சுக்காரக் கிழவர் அன்று படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். “பாரீஸ்ல இந்த இடத்துல நடிச்சவங்க எல்லாரும் அழுதாங்க, அது தப்பு, இப்பத்தான் எனக்கே தெரியுதுன்னு சொல்றாரு” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஆல்வினே கதவைத் திறந்து வெளியே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஏவால்ட், “இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான். “ஒண்ணும் இல்ல” என்றாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

படம் வந்தது. பக்கத்துத் தெரு தியேட்டருக்கு இருவரும் போனார்கள். பக்கத்து வீட்டு பாகெல் அம்மாவும் ஒட்டிக்கொண்டு வந்தாள். ரகசியம் அந்தக் கட்டிடம் முழுக்கத் தெரிந்ததுதான். பாகெல் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. இர்மா வாயைத் திறந்து ஆல்வினேயின் குரல் வந்ததும், “அடியம்மா! உன் தொண்டையைப் பிடுங்கி அந்த ஹங்கேரிக்காரிக்கு வச்சுட்டாங்களே!” என்று பாகெல் அம்மா சத்தமாகவே சொன்னாள். முன்வரிசைக்காரன் திரும்பி அதட்டினான்.

ஏவால்ட் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கதவுக் காட்சி வந்ததும் அவள் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. திரையில் நீதிபதியின் முகம் மட்டும் இருந்தது; குரல் மட்டும் வந்தது. அந்த இருட்டில் அவனும் மற்றவர்களும் ஒன்றுதான். முடிந்து விளக்கு வந்தபோது அவன் கை அவன் மடியில் இருந்தது.

வீட்டு மாடிப்படியில்தான் கேட்டான்.

“யாரை நெனச்சுப் பேசின?”

“யாரையும் இல்ல. எழுதிக் குடுத்தாங்க, பேசினேன்.”

“மூல மருந்து விளம்பரமும்தான் எழுதிக் குடுத்தது. அதை நீ இப்படிப் படிக்கல.”

அவள் பதில் சொல்லவில்லை. “எங்க போயிட்ட?” என்று அன்றைக்கு அவன் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் எப்போதும்போல வானத்தையும் சட்டை நிறத்தையும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். வார்த்தையைக் கேட்கவில்லை, அதற்குப் பின்னால் எதையோ தேடிக் கேட்டான். அவளுக்கே அது தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். ரொட்டியை அறுத்து வைத்து, மீனைத் தட்டில் போட்டு, எதிரே உட்கார்ந்ததும் வேறு ஏதாவது பேசிவிடுவாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கழுத்தில் ஒரு கழலைக் கட்டி வந்து பெரிதாகிக்கொண்டே போனது. மூச்சு முட்ட ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. குரல் நரம்பு கழலையோடு பின்னிக்கிடந்தது என்று டாக்டர் பின்னால் வருத்தத்தோடு சொன்னார். உயிர் பிழைத்ததே பெரிது என்றார். கட்டு அவிழ்த்து ஒரு வாரம் கழித்து அவள் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. காய்ந்த இலையைக் காலால் தள்ளினால் வருமே, அந்தச் சத்தம்.

வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்து, “நான்தான்” என்றாள்.

“யாரு?” என்றான் ஏவால்ட்.

“நான்தான் ஏவால்ட்.”

அவன் எழுந்து வந்து அவள் முகத்தைத் தடவினான். மூக்கு, கன்னம், நெற்றித் தழும்பு எல்லாம் அதேதான். “சரி” என்றான். “சரி, வா, உட்காரு.” ஆனால் அவன் கை அந்த முகத்தை ஒரு வாடிக்கையாளரின் முதுகைத் தொடுகிற மரியாதையோடுதான் தொட்டது.

ஸ்டுடியோ வேலை போயிற்று. தையல் வேலை எடுத்தாள். கடைக்கும் தண்ணீருக்கும் போய்விட்டு எப்போது உள்ளே வந்தாலும், “யாரு?” என்றுதான் அவன் கேட்டான். வேண்டுமென்று கேட்கவில்லை. வாயில் வந்துவிடும், உடனே, “மன்னிச்சுக்கோ” என்பான். குருவி என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. தெருவில் அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருவதும் வண்டிச் சத்தத்தில் அவன் காதுக்கு எட்டவில்லை. இருவரும் பேசாமல் நடந்தார்கள். இத்தனை காலம் ஆசைப்பட்ட அமைதி இதுவா என்று அவளுக்குத் தோன்றும். தோன்றியதும் உடம்பு கூசும்.

குளியல் மண்டபத்திலிருந்து அவன் தாமதமாக வர ஆரம்பித்தான். சட்டையில் சிகரெட் புகையும் தியேட்டர் நாற்காலியின் பழைய வெல்வெட் வாசனையும் இருக்கும். பாகெல் அம்மாதான் வந்து சொன்னாள்.

“நான் சொன்னேன்னு சொல்லாதே. உன் புருஷன் மாட்டினி ஷோவுக்குப் போறான். ஒருநாள் இல்ல, எப்பவும். இப்ப வெட்டிங்ங்கற பேட்டையில ஒரு கொட்டகையில அந்தப் படம் ஓடுது.” பிறகு கொஞ்சம் தயங்கி, “வேற பொம்பளை வச்சிருந்தாலாவது போய் மயிரைப் பிடிச்சு உலுக்கலாம். இதுக்கு என்ன பண்றது?” என்றாள்.

மறுநாள் ஆல்வினே அவன் பின்னாலேயே போனாள். கையில் கண் தெரியாதவர்கள் கட்டும் மஞ்சள் பட்டையும் பிரம்புமாக அவன் தனியாகவே வழி கண்டுபிடித்துப் போனான். டிக்கெட் கொடுக்கிறவள், “வாங்க ஸ்டொபெ சார், உங்க இடம் காலியாத்தான் இருக்கு” என்றாள். கொட்டகையில் கொஞ்சம் பேர்தான். வேலையில்லாதவர்கள் கதகதப்புக்காக வந்து தூங்கினார்கள். ஆல்வினே அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். சோப்பு வாசனையில் கண்டுபிடித்துவிடுவான் என்று கொஞ்சம் பயந்தாள். அவன் திரும்பவில்லை.

தன் குரல் சுவர்களிலிருந்து வந்தது. செத்துப்போன அக்கா ஒருத்தி எழுந்துவந்து முன்கூடத்தில் பேசுவதுபோல் இருந்தது. முழுக்க உயிரோடு, ஒரு குறையும் இல்லாமல். தன் கழுத்துத் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கதவுக் காட்சி வந்தது. “நீ கேக்கல, அவ்வளவுதான்” என்றது குரல். அந்த இடத்தில் ஒரு இடைவெளி உண்டு. நீதிபதி பேசமாட்டார். அந்த இடைவெளியில் முன் நாற்காலியிலிருந்து ஏவால்ட் பேசினான். தாழ்ந்த குரலில், வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேசுவதுபோல.

“கேக்கப் பயமா இருந்துச்சு குருவி.”

“எனக்குள்ள பேச்சே தீர்ந்துபோச்சு” என்றது குரல்.

“தெரியும். கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீ நிறுத்திட்டா சுத்திலும் ஒண்ணுமே இருக்காது. குழிக்குள்ள கெடந்த மாதிரி ஆயிடும். அதான் விடல.”

குரல் பேசிக்கொண்டே போனது. விட்ட இடத்திலெல்லாம் அவன் பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலும் வழுவழுவென்று இருந்தது. பலநாள் சொல்லிப் பழகிய பதில்கள். தன்னிடம் ஒருநாளும் சொல்லாததை எல்லாம் அவன் அந்தக் குரலிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கையை நீட்டினால் அவன் தோள். ஆல்வினே கையை நீட்டவில்லை. திரையில் கதவை உடைக்கும் முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டாள். வெளியே வெயில் அடித்தது. ஒரு பையன் டிராம் பின்னால் ஓடினான். தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்று அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

அடுத்த வசந்தத்தில் ஆட்சி மாறி, யூதர்களைத் துரத்த ஆரம்பித்தார்கள். ரோஸ்னர் யூதர், ஒரு பெட்டியோடு ரயிலேறினார் என்று கேள்விப்பட்டாள். அவர் படங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயின. ஏவால்ட் வழக்கம்போல் போனான். டிக்கெட்காரி, “அந்தப் படம் இனிமே வராது சார், சத்தமா கேக்காதீங்க” என்றாளாம். அவன் வேறு கொட்டகைகளுக்கும் போய்க் கேட்டான். மழையில் நனைந்து, ஒரு செருப்பு சேறாகி, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தான்.

ஆல்வினே அவன் கோட்டைக் கழற்றினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, “அவ போயிட்டா” என்றான்.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து, முழங்கால் முழங்காலில் இடிக்கும்படி உட்கார்ந்தாள். அவன் காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள்.

“உன்னைத்தான் நெனச்சேன்” என்றாள் அந்தக் காற்றுக் குரலில். “அன்னைக்கு, கதவுக்குப் பின்னால. உன்னைத்தான். எனக்கு அலுத்துப்போயிருந்துச்சு ஏவால்ட். பேசிப் பேசி அலுத்துப்போச்சு. உன்னை விட்டுட்டுப் போகணும்னு இல்ல. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்.”

அடுப்பில் சூப் கொதித்து வழிந்தது. அவள் எழவில்லை.

“நீ அங்க வந்திருந்த” என்றான் கடைசியில். “எனக்குப் பின்னால. சோப்பு வாசனை வந்துச்சு.”

“அப்ப ஏன் திரும்பல?”

“அவகிட்டப் பேசிட்டிருந்தேன். பாதியில விட்டுட்டு எப்படித் திரும்புறது?”

அன்றிலிருந்து “யாரு?” என்று கேட்பதை அவன் விட்டுவிட்டான். அவள் காலடியைக் கேட்டதும் பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான். அவளும் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள். தெருவில் அவன்தான் இப்போது பேசிக்கொண்டு வந்தான்: இது ரொட்டிக்கடை, இங்கே சாக்கடை மூடி ஆடுது, இந்த நாய்க்கு உடம்பு சரியில்லை. அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு பேர் நடக்கிற தெருவில் மூன்றாவதாக ஒருத்தி வருவது இருவருக்குமே தெரியும். சில மத்தியானங்களில் அவன் தன்பாட்டுக்குச் சிரிப்பான், தலையாட்டுவான். ஆல்வினே ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று.

ஆட்சி மாறிய ஐந்தாம் வருடக் குளிர்காலத்தில் அவனுக்கு நிமோனியா வந்தது. ஜுரத்தில் கிடந்தபோது ஒரு மத்தியானம் அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

“நீதானே?”

அவள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அவ வந்தா சொல்லு” என்றான். “நான் கோவமா இல்லைன்னு சொல்லு. அவ பேச வேணாம். சும்மா வந்து உட்கார்ந்தா போதும்.”

“சொல்றேன்” என்றாள் ஆல்வினே.

“கேக்கல.”

அவள் குனிந்து, காதோடு வாயை வைத்து, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, “சொல்லிட்டேன். வந்துட்டா” என்றாள். அவன் முகம் தெளிந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், பேசாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவன் மூச்சு நின்றிருந்தது. எந்த நேரத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் குளியல் மண்டபத்துக்குப் போய், அவனுடைய வெள்ளை அங்கியையும் எண்ணெய்ப் புட்டியையும் வாங்கிக்கொண்டாள். வாசலில் இருந்தவன், “நீங்க யாருங்க, சொந்தமா?” என்று கேட்டான். ஆல்வினே பதில் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. அங்கியைக் கையில் மடித்துப் பிடித்தபடி, இன்னொரு தடவை சொன்னாள்.